வன்னிச் சிறுவரின் மனக்காயமும் விஞ்ஞான சாதனங்களும்

புதிய யந்திரம் ஒன்று தோன்றும்போதெல்லாம் அதனைப்பற்றிய புராணம் ஒன்றும் உடன் தோன்றிவிடுகிறது. நமது காலத்துப் புராணம் கைத்தொலைபேசியைப் பற்றியது. குக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் திரையைத் தொடுவான். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மனநல வைத்தியர் அதிலே தோன்றுவார். இதுகாறும் பட்டணத்தாருக்கும் பணம் படைத்தோருக்குமே உரியதாயிருந்த சிகிச்சை ஏழையின் திண்ணைக்கு வந்து சேரும். இவ்வாறு கருத்தரங்குகளிலே சொல்லப்படுகின்றது. இதிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்பதை ஒரு நிலத்தின் வரலாற்றோடு உரைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. வன்னிப் பெருநிலத்தைக் காட்டிலும் கடுமையான உரைகல் கிடைப்பது அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இம்மாவட்டங்களிலே ஒரு தலைமுறைக்கு மேலாகப் பிள்ளைகள் போருக்குள்ளேயே பிறந்து போருக்குள்ளேயே வளர்ந்தார்கள். அவர்களுடைய மனத்துக்கு மருந்து தேடிய முயற்சிகளின் வரலாறு, கருவிகளின் வரலாறாகவும் அமைந்திருப்பதுதான் இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

வன்னியைக் காடும் குளமுமாகவே நமது பாடநூல்கள் காட்டி வந்திருக்கின்றன. அக்காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள் யார் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்ட பின்னர், குடாநாட்டில் நிலமற்றிருந்த விவசாயிகள் கிளிநொச்சிப் பகுதிக்கு வந்தனர். பின்னர், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்கள் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஏதிலிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட தொழிலாளர் குடும்பங்களை வவுனியாவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் குடியமர்த்தி, சிறுவர் பள்ளிகளை நடத்தி வந்த காந்தீயம் இயக்கத்தின் டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். ஆக, பெரும்போர் தொடங்குமுன்பே, இடம் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் வாழும் நிலமாக வன்னி ஆகிவிட்டது. காணியுறுதி இல்லாத கூலி விவசாயியின் மகனுக்கு மனநோய் என்ற ஒன்று உண்டு என்று அக்காலத்தில் யாரும் கருதியதுமில்லை. அவன் 'முரடன்' அல்லது 'மந்தன்' என்றே பெயர் பெற்றான்.

அரசாங்கம் மனநோயை நோக்கிய விதம் எத்தகையது? 1873இல் ஆங்கிலேயர் இயற்றிய பைத்தியக்காரர் கட்டளைச் சட்டமே சுதந்திரத்துக்குப் பின்னரும் இந்நாட்டின் அடிப்படைச் சட்டமாக நீடித்தது. நோயாளியைச் சமூகத்திலிருந்து அகற்றிப் பூட்டி வைப்பதே அதன் நோக்கம். மனநோய் என்றால் அங்கொடை, அங்கொடை என்றால் கொழும்பு. வன்னியிலிருந்து அங்கே போவது மொழி தெரியாத ஊருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிரயாணம் செய்வதாகும். பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1980களில் மருத்துவபீடமும் வைத்தியசாலையும் சார்ந்து உளமருத்துவம் ஓரளவு வேரூன்றியது. 1987இல் தோன்றிய சாந்திகம் என்ற அமைப்பு சாதாரண மக்களிலிருந்தே உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றி 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் உலகின் கவனத்தை ஈர்த்தது. அதைவிட முக்கியமாக, கிராமத்துச் சுகாதார ஊழியனும் ஆசிரியனும் படித்துப் பயன்படுத்தத்தக்க தமிழ்க் கைந்நூல்கள் அவரும் அவரது சகாக்களும் செய்த பணியின் பயனாக வெளிவந்தன. 'மனவடு' என்ற சொல் நம்மிடையே வழக்குக்கு வந்தது அப்போதுதான். ஒரு நோய்க்குத் தாய்மொழியிலே பெயர் கிடைப்பதும் ஒரு சாதனமே என்பதை விஞ்ஞான சாதனங்களைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடக் கூடாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிலே மின்சாரம் நின்றது. எரிபொருளும் மருந்தும் தடுக்கப்பட்ட அல்லது அளந்து அனுப்பப்பட்ட பொருள்களாயின. பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்தது. மின்சூளுக்குள் போடும் சிறு பற்றறி ஒரு போர்க்கருவியாகக் கருதப்பட்ட காலம் அது. இத்தடைக்கு மக்கள் கண்ட விடை, துவிச்சக்கரவண்டியின் டைனமோ. வண்டியைத் தலைகீழாகவோ தாங்கியில் ஏற்றியோ நிறுத்தி, டைனமோவின் கம்பிகளை வானொலியோடு இணைத்து, ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து செய்தி கேட்டார்கள். லண்டனிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வந்த தமிழோசைகள் இவ்வாறு மிதித்தே கேட்கப்பட்டன. மிதிப்பவன் பெரும்பாலும் வீட்டுச் சிறுவன். அவன் கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். எந்த ஊரிலே குண்டு விழுந்தது, யார் யார் மாண்டார் என்ற செய்தியைத் தன் கால்களாலேயே வீட்டுக்குள் கொண்டுவந்த அச்சிறுவனின் மனத்திலே என்ன நடந்தது என்று கேட்க அக்காலத்தில் ஆளிருக்கவில்லை. இரவில் அவன் படித்தது ஜாம் போத்தலின் அடியிலே சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத்திரி இட்ட விளக்கில்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தார்கள். மறு ஆண்டு அவர்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியது; 1998 செப்டெம்பரில் விடுதலைப் புலிகள் அதனை மீட்டனர். இந்த இரண்டு ஆண்டுகளிலே பாடசாலைகள் மரநிழல்களுக்கும் கிடுகுக் கொட்டில்களுக்கும் மாறின. இங்கே இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து வந்த குண்டுக்கு அஞ்சிய அதே பிள்ளைகள், நிலத்திலே தம்மைப் படையிற் சேர்க்க வந்தவர்களுக்கும் அஞ்சினார்கள். சிறுவரைப் படையிற் சேர்த்தமை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் பதிவுகளிலே நிலைபெற்றுவிட்ட உண்மை. ஒரு தரப்பின் கொடுமையை மட்டும் எழுதும் வரலாற்றாசிரியன் பிள்ளைகளின் பக்கத்தில் நிற்கவில்லை. தன் கட்சியின் பக்கத்தில் நிற்கிறான்.

2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தை அடுத்து ஏ-9 வீதி திறந்தது. அதன் வழியே வந்தவற்றுள் நமது விஷயத்துக்குரியது, ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளவியலாளர்களும் ஜேர்மன் தொழில்நுட்பக் கூட்டுறவு நிறுவனமும் இலங்கைக் கல்வித்துறையினருடன் இணைந்து, வன்னி உள்ளிட்ட வடகிழக்குப் பகுதிகளில் மேற்கொண்ட ஆசிரிய உளவளத்துணையாளர் பயிற்சியாகும். திட்டத்தின் அடிப்படை எண்ணம் எளியது. உளமருத்துவர் இல்லாத நாட்டில் உளமருத்துவர் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆசிரியர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவருக்கே இவ்வித்தையைக் கற்பிக்கலாம்.

இவ்வாறு பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியர்கள் 420 மாணாக்கரை நேரிற் கண்டு வினவிய ஆய்வொன்று 2009இல் அச்சேறியது. அவர்களில் 92 வீதத்தினர் குண்டுவீச்சு, செல்வீச்சு, நெருங்கியவரின் மரணத்தைக் கண்ணாற் காணுதல் போன்ற கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தனர். நான்கில் ஒரு பங்கினரிடம் மனவடுவுக்குப் பிற்பட்ட நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. ஆசிரியர் கண்டறிந்தது சரிதானா என்பதை அறிய 67 பிள்ளைகளை நிபுணர்கள் மறுபடியும் பரிசீலித்தனர். இந்த மறுபரிசீலனையே எனக்கு இவ்வாய்வின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றுகின்றது. பட்டம் பெற்ற நிபுணரிடமே அறிவு உண்டு என்ற மனோபாவம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் கிடைத்தால் கிராமத்து வாத்தியார் பிள்ளையின் மனத்தைப் பிழையின்றி வாசிக்க வல்லவர் என்பது இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது.

அவர்கள் கைக்கொண்ட சிகிச்சை முறைகளுள் ஒன்று, வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைத்தல். அதற்கு வேண்டிய சாதனங்கள் ஒரு கயிறு, சில கற்கள், சில பூக்கள், காகிதம், பேனா. கயிற்றைத் தரையிலே நீட்டி வைக்கிறார்கள். அதன் ஒரு முனை பிள்ளை பிறந்த நாள். பிறந்தது முதல் இன்றுவரை நடந்தவற்றைப் பிள்ளை அதன்மேல் வைத்துக் காட்ட வேண்டும். நல்ல நிகழ்ச்சிக்குப் பூ. தீய நிகழ்ச்சிக்குக் கல். பெருந்துயருக்குப் பெரிய கல். கயிற்றின் மறுமுனை சுருளாகவே இருக்கும். அது இனி வரப்போகும் காலம். பின்னர் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கல்லை எடுத்து அதன் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். என்ன கண்டாய், என்ன கேட்டாய், அப்போது உன் உடம்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். அடுத்த சந்திப்பிலே அதைப் படித்துக் காட்டுகிறார். பிள்ளை திருத்துகிறது, விடுபட்டதைச் சேர்க்கிறது. துண்டு துண்டாகக் கிடந்து இரவிலே கனவாக வந்து உலுப்பிய நினைவுகள், இடமும் காலமும் உடைய ஒரு கதையாக ஒழுங்கு பெறுகின்றன. ஈற்றிலே எழுதப்பட்ட அக்கதையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையையும் கிழக்குக் கரையையும் அழித்தபின், போரும் கடலும் சேர்ந்து தாக்கிய வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேரிடம் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வுகளில் வாழ்க்கைக் கதை. மற்றப் பகுதியினருக்கு ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டையும் நடத்தியவர்கள் உள்ளூர் ஆசிரியர்களே. ஆறு மாதங்களின் பின்னர் முதற் குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாவது குழுவில் 71 வீதத்தினரும் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தனர். சிகிச்சை பெறாத குழு ஒன்று இல்லாமையால், இயல்பாகவே ஆறியவர்கள் எத்தனை பேர் என்பதை இதிலிருந்து பிரித்தறிய இயலாது. 31 என்பதும் சிறிய தொகை. இருப்பினும் ஜேர்மனியிலிருந்து வந்த முறையும், நம்மவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த மூச்சுப்பயிற்சியும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன என்பது சிந்திக்கத்தக்கது. இரண்டுக்கும் பொதுவாயிருந்தது யாது? தன் மொழி பேசும், தன் ஊர் அறிந்த, நாளையும் வரப்போகும் ஒரு மனிதர், ஒரு பிள்ளைக்காகவே நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருந்தார் என்பதே.

இதே ஆய்வாளர் குழுவினர் 2008இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை நமது தேசியப் பெருமிதத்துக்கு அவ்வளவு உவப்பானதன்று. வடகிழக்கின் 296 தமிழ் மாணாக்கரை வினவியபோது, போரின் அனுபவம் உடையோர் 82.4 வீதத்தினர், வீட்டுக்குள்ளே ஏதேனும் ஒருவகை வன்முறைக்கு உட்பட்டோர் 95.6 வீதத்தினர்! 30.4 வீதத்தினருக்கு மனவடு நோய், 19.6 வீதத்தினருக்குப் பெருமனச்சோர்வு. தந்தையின் குடியும் வீட்டு அடியும் கைகோத்துச் செல்வதையும் அவ்வாய்வு காட்டியது. பிள்ளையின் நோய்க்குக் காரணம் செல் மட்டுமன்று. செல்லினால் உழைப்பை இழந்து, இழப்பைக் கள்ளிலும் சாராயத்திலும் கரைத்து, வீட்டுக்கு வந்து கையோங்கிய தகப்பனும் காரணம். இந்தப் புள்ளிவிவரத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

வடபகுதியிலே 399 பிள்ளைகளிடம் வகுப்பறை முறையாக நடத்தப்பட்டு 2012இல் வெளியான பரிசோதனையும் ஓர் எச்சரிக்கை தந்தது. ஆண்பிள்ளைகள் சிலருக்கு நன்மை விளைந்தது; பெண்பிள்ளைகளிடமோ, சிகிச்சை பெறாது காத்திருந்த பெண்பிள்ளைகளைவிட மனவடு அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. போரின் நெருக்குதல் அப்போதும் தொடர்ந்தவர்களைவிட, அது குறைந்திருந்தவர்களே பயன் பெற்றனர். எரிந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் இருப்பவனுக்கு மூச்சுப்பயிற்சி கற்பிப்பதால் ஆவது சொற்பம் என்பதையே இது வேறு பாஷையிற் சொல்கிறது.

கடற்கோளின் பின்னர், 2005இல் அரசாங்கம் ஒரு தேசிய மனநலக் கொள்கையை வகுத்தது. அங்கொடையிலே குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்புவது, மாவட்டந்தோறும் மனநல வைத்திய அதிகாரிகளையும் சமூக ஊழியர்களையும் நியமிப்பது என்பன அதன் சாரம். நல்ல கொள்கை. ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடியும் மூடப்பட்டது. அதே மாதம் 14ஆந் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை வீசிய குண்டுகளில் பல பத்து மாணவியர் மாண்டனர். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, எஞ்சிய மக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முட்கம்பி முகாம்களுக்குள் இருந்தனர். அவற்றுட் பெரியது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தின் மெனிக் பாம். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே கூடாரத்தில், ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள்.

பேராசிரியர் சோமசுந்தரம் 2010இல் வன்னியின் 'கூட்டு மனவடு' பற்றி எழுதிய கட்டுரை, காயப்பட்டது தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் நம்பிக்கையுமே என்று நிறுவியது. ஆனால் அதே காலத்தில் வடக்கின் மீள்குடியேற்றத்துக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணி, உளசமூகப் பணிகளுக்கு அனுமதி வழங்கத் தயங்கியது. வீதி போடலாம், வீடு கட்டலாம், கோழிக்குஞ்சு கொடுக்கலாம். பிள்ளையிடம் 'என்ன நடந்தது?' என்று கேட்கலாகாது. கேட்டால் பிள்ளை சொல்லிவிடும், சொன்னது சாட்சியமாகிவிடும். கயிற்றின்மேல் வைக்கும் கல்லுக்கு அரசாங்கம் அஞ்சியது என்று சொன்னால் மிகையாகாது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

அதன்பின் வன்னிக்குச் சாதனங்கள் வந்தன. வெகு வேகமாகவே வந்தன. காப்பெற் வீதியும் மின்கம்பமும் தொலைபேசிக் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன்காரரும் அதே வீதியால் வந்தனர். கணவனை இழந்த பெண் வாரந்தோறும் தவணை கட்ட வேண்டிய நிலையிலே, கடன் வசூலிக்கும் இளைஞன் வாசலில் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பாடசாலை போயினர். கிராமத்துக்கு முதலில் வந்து சேரும் தொழில்நுட்பம் எப்போதும் பணம் பெயர்க்கும் தொழில்நுட்பமே. மருந்து கொண்டுவரும் தொழில்நுட்பம் மெல்லத்தான் வரும். கட்டணமில்லாத 1990 அவசர ஊர்தி வடமாகாணத்துக்கு வந்தது 2018இல். அதற்கு வெகுகாலம் முன்பே தவணைக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

தூரத்திலிருந்து மனநோயைக் கவனிக்கும் முயற்சி உலகுக்குப் புதிதன்று. 1959இலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிசில் விட்சன் என்ற உளமருத்துவர் இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு சிகிச்சை நடத்திப் பார்த்தார். 1964இல் 112 மைல் தொலைவிலிருந்த நோர்பொக் அரசினர் மருத்துவமனையோடு அவரது நிலையம் இணைக்கப்பட்டது. இவ்வாறு தொடங்கியது அரை நூற்றாண்டுக்குப் பின்பும் ஏழை நாடுகளுக்கு எட்டாதிருந்தமைக்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறையன்று. யாருக்காக அது செலவிடப்படுகிறது என்பதே.

நமக்கு அண்மையிலுள்ள நல்லுதாரணம் தமிழ்நாட்டிலே கிடைக்கிறது. டாக்டர் சாரதா மேனன் முதலியோர் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டியது. பேருந்துக்குள்ளே ஓர் ஆலோசனை அறை, திரை, காமரா. இன்னொரு புறம் மருந்தகம். நோயாளி ஊர் மரத்தடியில் நிற்கும் வண்டிக்குள் ஏறுகிறார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சென்னை வைத்தியரோடு பேசுகிறார். வைத்தியர் எழுதிய மருந்தை அதே வண்டியிலேயே இலவசமாகப் பெற்றுக்கொண்டு இறங்குகிறார். வண்டியின் வெளிப்புறத் திரையிலே மனநோய் பற்றிய படமும் காட்டுவார்கள். பத்திரிகைகள் படம்பிடித்தது பேருந்தையும் திரையையும். ஆனால் அத்திட்டத்தை ஓடச் செய்தவர்கள், வீடு வீடாகப் போய் அறையிலே பூட்டப்பட்டும் கட்டப்பட்டும் கிடந்தவர்களைக் கண்டுபிடித்து, உறவினரோடு வாதாடி, வண்டியடிக்கு அழைத்துவந்த உள்ளூர் ஊழியர்களே. மருந்து வண்டிக்குள்ளேயே இருந்தமை மற்றொரு முக்கியம். வைத்தியரைத் திரையிற் காட்டிவிட்டு, மருந்துக்குப் பட்டணம் போ என்று சொன்னால் கூலித்தொழிலாளி போக மாட்டார். இத்திட்டம் பெரிதும் வளர்ந்தோரின் கடுமையான மனநோய்களுக்கானது. பிள்ளைகளின் விஷயம் இதனினும் நுட்பமானது. மாத்திரையை வண்டியில் ஏற்றலாம். ஆறு அமர்வுகள் உட்கார்ந்து கதை கேட்கும் ஆசிரியரை ஏற்ற முடியாது. 2022 ஒக்டோபர் 10இல் இந்திய அரசாங்கம் தொடக்கிய டெலி-மானஸ் சேவை 14416 என்ற இலக்கத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுகிறது என்பதையும் இங்கே குறிக்கலாம்.

இலங்கையிலும் இலக்கங்கள் உண்டு. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. இரண்டுக்கும் கட்டணமில்லை. பாடசாலைச் சுவர்களில் இவ்விலக்கங்கள் எழுதப்பட்டிருப்பதை வரவேற்கிறோம். பம்பாய்த் தெருச் சிறுவருக்காக 1996இல் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய 1098 என்ற இலக்கம், ஒரு தொலைபேசி எத்தனை பிள்ளைகளைக் காக்க முடியும் என்பதற்கு ஏற்கெனவே சான்று தந்திருக்கிறது. ஆனால் 1098இன் பின்னால், அழைப்பு வந்ததும் தெருவிலே இறங்கிப் பிள்ளையிடம் ஓடும் ஊழியர் இருந்தனர். நள்ளிரவிலே ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சிறுமி அழைத்தால், மறுமுனையிலே அவளது பேச்சுத்தமிழை விளங்கிக்கொள்ளும் குரல் கேட்குமா, விடியுமுன் அவள் வீட்டுக்குப் போகக் கூடியவர் அந்தப் பிரதேசத்திலே இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே அந்த இலக்கத்தை நாம் மதிப்பிட வேண்டும்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது புராணம் பரீட்சைக்கு வந்தது. பாடம் வட்ஸ்அப்பிலே வந்தது. ஊவாவிலுள்ள போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் அலைவரிசை தேடிக் காட்டுக்குள்ளே பாறையேறிப் படித்ததை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. நாட்டின் பிற்பட்ட பகுதிகள் பலவற்றுக்கும் அதுவே கதை. இதே காலத்திலே சத்தமில்லாமல் நடந்த இன்னொரு காரியம் என்னை அதிகம் கவர்கிறது. வைத்தியசாலைக்கு வர இயலாத நோயாளரின் மாதாந்த மருந்துகளைத் தபாற்காரர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புதிய செயலி எதுவும் தேவைப்படவில்லை. நூற்றாண்டு கடந்த தபால் திணைக்களமும் ஒரு சைக்கிளும் போதுமாயிருந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது திரைகள் அணைந்தன. ஜாம் போத்தலை அறிந்திருந்த வன்னித் தாய்மாருக்கு அது புதுமையாக இருந்திராது.

இனி, அந்த 95.6 வீதத்துக்கு வருவோம். கைத்தொலைபேசி யாருடையது? வன்னிக் குடும்பத்திலே நல்ல தொலைபேசி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் தகப்பனின் சட்டைப்பையிலோ மூத்த அண்ணனிடமோ இருக்கும். ரீலோட் போடுபவர் அவரே; யாருக்கு அழைத்தாய் என்று பார்க்கக் கூடியவரும் அவரே. வீட்டிலே அடிக்கும் கைக்குச் சொந்தமான தொலைபேசியில் அடிபட்ட பிள்ளை எப்படிப் பேசும்? ஓர் அறையும் திண்ணையுமான வீட்டுத்திட்ட வீட்டிலே எந்த மூலையிலிருந்து பேசும்? பெண்பிள்ளை தொலைபேசியோடு தனியே இருந்தாலே ஊர் கதை கட்டும். சாதனத்தை வடிவமைப்போர் தனியறையும் தன் பெயரிலான தொலைபேசியும் உடைய மத்தியதரப் பிள்ளையையே மனத்திற்கொண்டு வடிவமைக்கின்றனர். அது அவர்களுடைய வர்க்கக் கண்ணோட்டம், தொழில்நுட்பத்தின் இயல்பன்று.

அச்சம் ஒன்றும் உண்டு. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியிலும், நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அங்கே தாயின் மடியிலிருந்து தகப்பனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் உண்டு. தகப்பன் இறந்தார் என்று அழவும் முடியாது. இருக்கிறார் என்று மகிழவும் முடியாது. அந்தியேட்டியும் இல்லை, வரவும் இல்லை. இப்பிள்ளை ஒரு யந்திரத்திடம் தன் கதையைச் சொன்னால் அக்கதை எங்கே போகிறது? போராடும் தாய்மாரின் பின்னால் புலனாய்வாளர் திரிந்த மண்ணிலே, 'உங்கள் இரகசியம் காக்கப்படும்' என்ற ஒற்றை வரி யாருடைய அச்சத்தையும் தீர்க்காது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது. அன்று ஆசிரியர் எழுதிய கதை பிள்ளையின் கையிலே கொடுக்கப்பட்டது என்பதை நினைவு கூருங்கள். இன்று கம்பனிகளின் செயலியிலே சொல்லப்படும் கதை கம்பனியின் களஞ்சியத்திலே தங்குகிறது. பிள்ளையின் துயரம் இன்னொருவனுடைய மூலதனமாகிறது.

இவற்றைச் சொல்வதால் நாம் யந்திரத்தை உடைக்கச் சொல்லும் கூட்டத்தாரல்லர். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள சிறுவர் உளமருத்துவர், மாதத்தில் இருமுறை திரை வழியாக மாங்குளத்து ஆசிரியரோடு பேசி அவருடைய ஐயங்களைத் தீர்க்கலாம். கயிற்று முறையை நடத்தும் ஆசிரியருக்கு மேற்பார்வை வேண்டும். மேற்பார்வையாளர் பற்றாக்குறைக்குத் தொலைத்தொடர்பு தக்க பரிகாரம். மற்றவர் துயரைக் கேட்டுக் கேட்டுத் தாமே சோர்ந்துபோகும் ஆசிரியருக்கும் அது ஒரு துணை. தொலைபேசி பிள்ளையின் கையிலே இருப்பதைக் காட்டிலும், பிள்ளையோடு இருப்பவரின் கையிலே இருப்பது வன்னியின் இன்றைய நிலையிற் கூடிய பயன் தரும் என்றே நான் கருதுகிறேன்.

அதற்கு ஆசிரியர் இருக்க வேண்டும். அவருக்கு நேரம் இருக்க வேண்டும். உளவளத்துணைக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு நேரசூசியில் என்ன எழுதப்படுகிறது என்பதை நமது வாசகர்களாகிய ஆசிரியர்கள் நன்கறிவர். கணித ஆசிரியர் விடுமுறை என்றால் இவரே அவ்வகுப்புக்குப் போக வேண்டும். சாதாரணதரப் பெறுபேறு குறைந்தால் இவருக்கே மேலதிக வகுப்பு. துணை நாடி வந்த பிள்ளை பண்டக அறைக்குள், விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே, கதவு மூடாத இடத்திலே பேச வேண்டியிருக்கிறது. கல்வித் திணைக்களத்திடம் ஆசிரிய சங்கங்கள் கேட்க வேண்டியவை விலையுயர்ந்தவையல்ல: வேறு பாடம் சுமத்தப்படாத பாடவேளைகள், மாதாந்த மேற்பார்வை, தாழிடக் கூடிய ஒரு சிறிய அறை, அவ்வறையிலே பாடசாலையின் செலவில் 1929க்குப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி. திறன் வகுப்பறைகளுக்குத் திரை வாங்க ஒதுக்கும் பணத்திலே அக்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்க எவ்வளவு ஆகும் என்று அடுத்த வலயக் கூட்டத்திலே கேட்டுப் பாருங்கள்.